இன்டர்வியூவில் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்: தயாரிப்பு முதல் ஆஃபர் வரை

இன்டர்வியூ முடியும் நேரத்தில் எதிரில் இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?” என்பார். ஆள் எடுக்கும் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்தவரை, அந்த இடத்தில் பலர் “இல்ல சார், எல்லாமே தெளிவா இருக்கு” என்று சொல்லி எழுந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் எங்கோ படித்த கேள்வியை அப்படியே ஒப்பிக்கிறார்கள். பதில் வரும்போது அவர்கள் கவனம் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

வேலை தேடுகிறவர்களுக்கு மாதிரி இன்டர்வியூ வைத்துப் பழக்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. கேள்வி கேட்கத் திணறுகிறவர்களுக்குத் தைரியம் குறைவு என்று நினைத்திருந்தேன். உண்மையில் முந்தின நாள் செய்ய வேண்டிய வேலையைத்தான் அவர்கள் செய்யாமல் வருகிறார்கள். அதை எந்த வரிசையில் செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் மூன்று விஷயங்கள் கையில் இருக்கட்டும். முதலாவது, வேலை விளம்பரத்தின் முழு நகல். ஆள் தேர்வு தொடங்கியதும் பல இடங்களில் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள், அதனால் விண்ணப்பித்த அன்றே சேமித்து வையுங்கள். இரண்டாவது, உங்களைச் சந்திக்கப் போகிறவர்களின் பெயரும் பொறுப்பும். அழைப்பில் இல்லையென்றால் எச்.ஆரிடம் (நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருப்பவரிடம்) கேட்கலாம், அதில் தவறே இல்லை. மூன்றாவது, ஒரு சின்ன நோட்டு. அதோடு முந்தின நாள் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1. எது தெரிந்தால் முடிவு மாறும் என்று எழுதுங்கள்

கேள்விகளை எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். “இந்த வேலையில் எது இப்படி இருந்தால் நான் சேர மாட்டேன்? எது இருந்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேருவேன்?” இரண்டுக்கும் நாலைந்து வரி எழுதுங்கள். இரவு ஷிஃப்ட், அடிக்கடி பயணம், கற்றுக்கொடுக்க ஆள் இருப்பது, தனியாக முடிவெடுக்கும் உரிமை என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று வரும்.

இதை ஏன் முதலில் செய்ய வேண்டும்? பதில் எப்படி வந்தாலும் உங்கள் முடிவு மாறாது என்றால், அந்தக் கேள்வியைக் கேட்டுப் பயனில்லை. எதிரில் இருப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

ஒரு வேலையில் சேரும்போது, அந்த இடம் ஏன் காலியானது என்று நான் கேட்கவே இல்லை. இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்த வேலையை ஒருவருக்கானதாகச் சுருக்கியிருந்தார்கள் என்பது நான்காவது மாதம்தான் தெரிந்தது. யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து என் பட்டியலில் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: “இது புதிய பொறுப்பா, ஏற்கெனவே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததா? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?”

2. விளம்பரத்தில் மழுப்பலாக இருக்கும் வரிகளுக்கு அடிக்கோடு போடுங்கள்

விளம்பரத்தை வரி வரியாகப் படியுங்கள். “வேகமான சூழலில் வேலை செய்யத் தயாராக இருக்க வேண்டும்”, “ஒரே நேரத்தில் பல பொறுப்புகளைக் கையாள வேண்டும்”, “தேவைப்பட்டால் கூடுதல் நேரம்” போன்ற வரிகள்தான் உங்கள் கேள்விகள் பிறக்கும் இடம். வேகம் என்றால் எவ்வளவு வேகம்? பல பொறுப்புகள் என்றால் எத்தனை, எவை? “தேவைப்பட்டால்” என்பது மாதத்தில் எத்தனை நாள்?

அப்புறம் நிறுவனத்தின் இணையதளத்தைப் பாருங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் அதன் ஆண்டறிக்கை பொதுவில் கிடைக்கும். முழுவதும் படிக்கத் தேவையில்லை. எந்தப் பிரிவு வளர்கிறது, தங்களுக்கு என்னென்ன ஆபத்துகள் இருப்பதாக அவர்களே சொல்கிறார்கள் என்ற இரண்டு பகுதிகள் போதும். நீங்கள் சேரப்போகும் பிரிவைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப் படிப்பதன் நோக்கம், இணையதளத்திலேயே இருக்கும் பதிலைக் கேட்டு நேரத்தை வீணாக்காமல் இருப்பது. “உங்கள் நிறுவனம் என்ன செய்கிறது?” என்று ஒருவர் கேட்டால், அவர் வீட்டில் பத்து நிமிடம்கூடச் செலவழிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வோம். படித்ததைச் சொல்லிவிட்டு அதற்கு அடுத்த படியைக் கேளுங்கள்: “இந்த வருடம் புதிதாக இரண்டு கிளைகள் திறந்ததாகப் படித்தேன். அதனால் இந்த டீமின் வேலை எப்படி மாறியது?”

3. நடந்ததைக் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

“இங்கே வேலைச் சூழல் எப்படி இருக்கும்?” என்று கேட்டால், “ரொம்ப நல்லா இருக்கும், எல்லாரும் குடும்பம் மாதிரி” என்று பதில் வரும். கேட்டவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும். பதில் சொன்னவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. கருத்தைக் கேட்டால் எவரும் நல்ல கருத்தைத்தான் சொல்வார்கள். ஒரு சம்பவத்தைக் கேட்டால் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதை முன்கூட்டியே மெருகேற்றி வைத்திருப்பது கடினம். “நீங்கள் கோபப்படுவீர்களா?” என்று கேட்காமல் “கடைசியாக யாரோடு கருத்து வேறுபாடு வந்தது, எப்படித் தீர்த்தீர்கள்?” என்று அவர்கள் நம்மிடம் கேட்பதும் இதே காரணத்தால்தான். அதே முறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

எழுதிய ஒவ்வொரு கேள்வியையும் “கடைசியாக எப்போது”, “போன தடவை”, “இதற்கு முன் இருந்தவர்” என்று திருப்பி எழுதிப் பாருங்கள்.

“வேலைப்பளு அதிகமா?” என்பதை “போன மாதம் இந்த டீமில் யாராவது வார இறுதியில் வேலை பார்க்க வேண்டி வந்ததா? எதனால்?” என்று மாற்றலாம்.

“வளர்ச்சிக்கு வாய்ப்பு உண்டா?” என்பதற்குப் பதில், “இந்தப் பொறுப்பில் இருந்து கடைசியாகப் பதவி உயர்வு பெற்றவருக்கு எவ்வளவு காலம் ஆனது? அவர் என்ன செய்தார்?”

“பயிற்சி கொடுப்பீர்களா?” என்பதை “கடைசியாகச் சேர்ந்தவரின் முதல் இரண்டு வாரம் எப்படிப் போனது?” என்று கேளுங்கள்.

“உங்கள் நிர்வாக பாணி என்ன?” என்று மேனேஜரிடம் கேட்பவர்கள் நிறையப் பேர். அதைவிட, “உங்கள் டீமில் ஒருவர் உங்கள் முடிவோடு ஒத்துப்போகாத சமயம் ஒன்று சொல்ல முடியுமா? கடைசியில் என்ன முடிவானது?” என்பது பல மடங்கு சொல்லும்.

வாக்கியத்தைச் சரிபார்க்கும்போது இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். “ஆமாம்”, “இல்லை” என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் கேள்வியாக இருந்தால், பின்னால் “எதனால்”, “எப்படி” சேர்த்து நீட்டுங்கள். ஒரே மூச்சில் தொடர்பில்லாத மூன்று கேள்விகளை அடுக்காதீர்கள். அடுக்கினால், அவருக்குச் சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும், உங்களுக்கு வேண்டியது நழுவிவிடும்.

4. எதை யாரிடம் கேட்பது என்று பிரியுங்கள்

ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதுங்கள். எச்.ஆரிடம் தினசரி வேலையின் நுணுக்கத்தைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. பெரிய அதிகாரியிடம் விடுமுறைக் கணக்கைக் கேட்டால் அவர் எச்.ஆரைக் கைகாட்டுவார்.

எச்.ஆரிடம்: சம்பள வரம்பு, எத்தனை சுற்றுகள், புரொபேஷன் (தகுதிகாண்) காலம், நோட்டீஸ் பீரியட் (வேலையை விடும் முன் தர வேண்டிய முன்னறிவிப்புக் காலம்), வேலை நேரம், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் விதி.

மேனேஜரிடம்: முதல் மூன்று மாதத்தில் என்ன முடித்திருக்க வேண்டும், நன்றாகச் செய்கிறேன் என்பதை எதை வைத்து முடிவு செய்வார், இந்த இடம் ஏன் காலியானது.

கூட வேலை பார்க்கப் போகிறவரிடம்: நேற்றைய நாள் எப்படிப் போனது, எந்த வேலை எதிர்பார்த்ததைவிட நேரம் இழுக்கிறது, சந்தேகம் வந்தால் யாரிடம் போவார். இவர்கள் எல்லாரிலும் இவரிடம் கிடைக்கும் நேரம்தான் எனக்கு மிகவும் மதிப்பானது. நாளைக்கு நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியின் பக்கத்து நாற்காலியில் இன்று இருப்பவர் அவர்.

பெரிய அதிகாரியிடம்: அடுத்த வருடம் இந்தப் பிரிவிலிருந்து நிறுவனம் எதை எதிர்பார்க்கிறது. ஒரு கேள்வி போதும்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் வேண்டுமென்றே இரண்டு பேரிடம் கேளுங்கள். “இந்த வேலையில் முதலில் சரிசெய்ய வேண்டியது எது?” என்று மேனேஜரிடமும் டீமில் இருப்பவரிடமும் கேட்டுப் பாருங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால், என்ன வேண்டும் என்பதில் அங்கே தெளிவு இருக்கிறது. ஒருவர் கிழக்கே, ஒருவர் மேற்கே காட்டினால், சேர்ந்த பிறகு நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

5. எட்டு எழுதி, மூன்றைக் கேட்கத் தயாராகுங்கள்

கேள்விக்கு ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து நிமிடம். நல்ல கேள்விக்குப் பதில் இரண்டு, மூன்று நிமிடம் போகும். ஆக, மூன்றுக்கு மேல் நடக்காது. பிறகு எதற்கு எட்டு? பேச்சின் நடுவிலேயே நாலைந்துக்குப் பதில் வந்துவிடும். மூன்றை மட்டும் எழுதிக்கொண்டு போனவர்கள், மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

மிக முக்கியமானதை முதலில் வையுங்கள். “அதைக் கடைசியில் கேட்கலாம்” என்று வைத்தால், அவருக்கு அடுத்த மீட்டிங் வந்துவிடும்.

6. கேட்கும் நேரம்

நோட்டை மடியில் ஒளித்து வைத்துப் பார்க்க வேண்டாம். “சில விஷயங்கள் குறித்து வைத்திருக்கிறேன், பார்த்துக் கேட்கலாமா?” என்று சொல்லிவிட்டு மேஜை மேல் வையுங்கள். குறித்துக்கொண்டு வந்ததற்காக யாரும் மதிப்பெண் குறைத்து நான் பார்த்ததில்லை.

கேள்வியைக் கேட்டதும் நிறுத்திவிடுங்கள். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கேள்வியைக் கேட்பார்கள், எதிரில் இருப்பவர் யோசிப்பார், அந்த நாலு விநாடி மௌனம் தாங்காமல், “அதாவது, பெரும்பாலும் டீமில் எல்லாரும் நல்லா பழகுவாங்க இல்லையா?” என்று தாங்களே பதிலையும் எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். அவரும் “ஆமாமா” என்று தலையாட்டிவிடுவார். அவர் யோசித்தால் யோசிக்க விடுங்கள். யோசித்து வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டும்.

கேள்விகளை எல்லாம் கடைசிக்குத் தேக்கி வைக்கவும் வேண்டாம். அவர்கள் ஒரு சிக்கலைக் கொடுத்து “இதை எப்படிச் செய்வீர்கள்?” என்றால், உடனே தீர்வுக்குப் பாயாமல், “இதை யார் பயன்படுத்தப் போகிறார்கள்? எவ்வளவு நாளில் வேண்டும்?” என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். வேலையில் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும், அதைத்தான் அவர்களும் பார்க்கிறார்கள்.

வீடியோ இன்டர்வியூ என்றால் குரல் கொஞ்சம் தாமதித்து வரும். அவர் முடித்தார் என்று தோன்றியபின் ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள். நாலைந்து பேர் கொண்ட குழு என்றால், பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவில் வீசிய கேள்விக்கு அங்கிருக்கும் பெரியவர் மட்டும்தான் பதில் சொல்வார்.

7. வந்த பதிலிலிருந்து அடுத்த கேள்வியை எடுங்கள்

இரண்டே இரண்டு வாக்கியங்களைப் பழகிக்கொள்ளுங்கள்: “ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?”, “அப்புறம் என்ன ஆச்சு?” எழுதி வைத்த அடுத்த கேள்வியைவிடப் பல நேரம் இவைதான் உதவும்.

ஒருமுறை ஓர் இளம்பெண் இன்டர்வியூவுக்கு வந்திருந்தார். இதற்கு முன் இருந்தவரைப் பற்றிக் கேட்டார். என் பக்கத்தில் இருந்த மேனேஜர், “அவருக்கு வேறு நல்ல வாய்ப்பு வந்தது, போய்விட்டார்” என்றார். அந்தப் பெண் குறித்துக்கொண்டு, “அவர் செய்ததில் நான் அப்படியே தொடர வேண்டியது எது, மாற்ற வேண்டியது எது?” என்றார். மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வாடிக்கையாளர் புகார்களை அவர் கையாண்ட விதத்தைப் பாராட்டிவிட்டு, எதையும் எழுதி வைக்காமல் போனதால் டீம் இரண்டு மாதம் பட்ட பாட்டைச் சொன்னார். அதற்குப் பிறகு பத்து நிமிடம் அது இன்டர்வியூவாகவே இல்லை, இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைப் பற்றிப் பேசினார்கள். வேலையின் உண்மையான சிக்கல் எங்கே இருக்கிறது என்று அவர் தெரிந்துகொண்டார். சிக்கலைக் கண்டு மிரளாத ஆள் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

பதிலை எடைபோடும்போது அவசரப்பட வேண்டாம். ஒருவர் ஒரு கேள்விக்குத் தயங்கினால் அதில் பெரிய அர்த்தம் தேடத் தேவையில்லை, சொல்ல அனுமதி இல்லாத விஷயமாக இருக்கலாம். ஆனால் ஒரே விஷயத்தை இரண்டு பேர் தவிர்த்தால், அல்லது “முதல் மூன்று மாதத்தில் என்ன முடிக்க வேண்டும்?” என்பதற்கு மேனேஜரிடமே பதில் இல்லையென்றால், நோட்டில் வட்டம் போட்டு வையுங்கள்.

8. பணம் பற்றிய கேள்விகள்

சம்பளம் கேட்கவே கூடாது என்று பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நேரமும் ஆளும்தான் முக்கியம். சம்பள வரம்பை எச்.ஆரின் முதல் அழைப்பிலேயே கேட்கலாம். இரண்டு பக்கமும் ஒத்துவராத தொகை என்றால் நாலு சுற்று முடிந்து தெரிவதைவிட அப்போதே தெரிவது எல்லாருக்கும் நல்லது. மேனேஜரோடு பேசும் சுற்றில் இதை எடுக்க வேண்டாம். அங்கே அவர் பார்ப்பது உங்கள் வேலையை.

விவரங்களை ஆஃபர் வந்தபின் கேளுங்கள். மொத்தத் தொகையில் நிலையாக வருவது எவ்வளவு, செயல்திறனைப் பொறுத்து வருவது எவ்வளவு? அந்த இரண்டாவது பகுதியில் போன வருடம் இந்த டீமுக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள்? எந்தத் தேதிக்குள் சேர்ந்தால் இந்த வருட அப்ரைசலில் (சம்பள உயர்வுக்கான ஆண்டு மதிப்பீட்டில்) பெயர் வரும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல், சில நாள் வித்தியாசத்தில் ஒரு வருட உயர்வை இழந்தவர்களை எனக்குத் தெரியும். வாய்மொழியாகச் சொன்ன எதையும் ஆஃபர் லெட்டரிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்குங்கள். சொன்னவர் வேறு இடத்துக்குப் போய்விட்டால், எழுத்து மட்டும்தான் மிஞ்சும்.

9. புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறுகள்

அறிவைக் காட்டுவதற்காகக் கேட்பது. இரண்டு நிமிடம் தன் கருத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் “சரிதானே?” என்பது கேள்வி ஆகாது.

குறுக்கு விசாரணை தொனி. “உங்கள் நிறுவனத்தில் ஏன் எல்லாரும் போய்விடுகிறார்கள்?” என்றால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். “போன வருடம் டீமில் எத்தனை பேர் மாறினார்கள்? பொதுவாக எந்தக் காரணத்துக்காக?” என்று கேட்டால் அதே தகவல் கிடைக்கும்.

“நான் செலக்ட் ஆனேனா?” என்று அங்கேயே கேட்பது. இன்னும் முடிவெடுக்காத ஒருவரை அது சங்கடப்படுத்தும். “அடுத்த கட்டம் என்ன, எப்போது தெரியும், நான் யாரைத் தொடர்பு கொள்ளலாம்?” என்று முடியுங்கள்.

ஃப்ரெஷர் (முதன்முதலாக வேலைக்கு வருகிறவர்) என்பதால் கேட்க உரிமை இல்லை என்று நினைப்பது. என்னைக் கேட்டால், ஃப்ரெஷர்தான் அவசியம் கேட்க வேண்டும். முதல் வேலையில் யார் கற்றுக்கொடுக்கிறார் என்பது அடுத்து வரும் பல வருடங்களைத் தீர்மானிக்கும். “முதல் மாதம் என் வேலையை யார் பார்த்துத் திருத்துவார்?”, “போன வருடம் சேர்ந்த ஃப்ரெஷர் இப்போது என்ன வேலை பார்க்கிறார்?” என்ற இரண்டு கேள்வியை மட்டுமாவது கொண்டுபோங்கள்.

10. வெளியே வந்ததும் எழுதுங்கள்

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வாசலைத் தாண்டி எங்காவது உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதிவிடுங்கள். உங்கள் அபிப்பிராயம் வேண்டாம், அவர்கள் சொன்ன வார்த்தைகளை எழுதுங்கள். மாலைக்குள் “நல்ல மனிதர்” என்ற உணர்வு மட்டும் மிஞ்சும், அவர் என்ன சொன்னார் என்பது மறந்திருக்கும்.

ஒரு நாளுக்குள் நன்றி சொல்லி நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில், அவர் சொன்ன பதில் ஒன்றைக் குறிப்பிடுங்கள்.

ஆஃபர் வந்தால், முதல் படியில் எழுதிய அந்த நாலைந்து வரிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிடைத்த பதிலை எழுதுங்கள். வெற்றாக இருக்கும் இடங்கள் கண்ணில் படும். “முடிவு சொல்வதற்கு முன் டீமில் ஒருவரோடு பதினைந்து நிமிடம் பேச முடியுமா?” என்று எச்.ஆரிடம் கேளுங்கள். உங்களை எடுப்பது என்று அவர்கள் முடிவு செய்துவிட்ட இந்த நேரத்தில் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு, வெற்றாக இருக்கும் வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.